பொழிச்சலூரில் அறுநூறு அடி

ரன்வே போடுகிற வேலையில் பன்னிரண்டு வருஷம் இருந்தவன் நான். ஆனால் விமானத்தில் மட்டும் ஏறமாட்டேன். பினாங்கிலிருந்து மதராசுக்குக் கப்பலில்தான் வந்தேன். "கீழே என்ன கல், மேலே எத்தனை அங்குலம் தார் என்று தெரிந்தவனுக்கு அதன் மேல் நூற்றைம்பது மைல் வேகத்தில் ஓட மனசு வருமா?" என்று கப்பலில் கேட்டவர்களிடமெல்லாம் பெரிய மனுஷன் மாதிரிச் சொல்லிவைத்தேன். உண்மையில் எனக்குப் பயம். அவ்வளவுதான் விஷயம்.

எழுபதுகளின் தொடக்கம் அது. ஜம்போ ஜெட் என்ற பெயர் வெற்றிலை பாக்குக் கடை வரை வந்துவிட்ட நேரம். என் அக்கா எஸ்தரைப் பார்த்துப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. மேற்குத் தாம்பரத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் புருஷன், என் அத்தான் ஆசீர்வாதம், அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். "நீ வந்து ஒரு தடவை உன் கண்ணால் பார்த்துச் சொன்னால் மனசு ஆறும்" என்று அக்கா எழுதியிருந்தாள். என்னைப் பார்க்கச் சொன்னது அவளை அல்ல, பொழிச்சலூரில் அவர்கள் வாங்கிப் போட்டிருந்த மனையை.

கதை இதுதான். அத்தானும் அவர் போகிற வேதக்கோயிலைச் சேர்ந்த பத்துப் பன்னிரண்டு பேரும் சேர்ந்து மீனம்பாக்கம் விமான நிலையத்து வேலிக்கு இந்தப் பக்கம் ஒரே வரிசையில் மனை வாங்கினார்கள். எல்லாரும் வாத்தியார், நர்சு, தபாலாபீஸ் குமாஸ்தா என்று மாதச் சம்பளக்காரர்கள். அத்தான்தான் முதலில் அஸ்திவாரம் போட்டு முழங்கால் உயரத்துக்குச் சுவரும் எழுப்பினார். அந்த நேரம் பார்த்து ஒரு வதந்தி. ஜம்போ வரப்போகிறது, ரன்வேயை அகலப்படுத்தப் போகிறார்கள், வேலியோரத்து வீடெல்லாம் போய்விடும் என்று. அத்தான் எனக்கு எழுதிக் கேட்டார். நானும் என் மேதாவித்தனத்தை எல்லாம் கொட்டி நாலு பக்கம் பதில் எழுதினேன். அந்தக் கடிதத்தைப் படித்தபிறகு அவர் வீட்டு வேலையை நிறுத்திவிட்டார்.

திங்கட்கிழமை மத்தியானம் தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கினேன். சைக்கிள் ரிக்‌ஷா பிடித்தேன். ரயில்வே கேட் தாண்டுவதற்குள் பின் சக்கரம் 'புஸ்' என்று உட்கார்ந்துவிட்டது.

"இன்னா சார், பொட்டில கல்லு கில்லு வச்சிக்கீறியா? ட்யூபு போச்சு பாரு" என்றார் ரிக்‌ஷாக்காரர்.

பெட்டியை மட்டும் வண்டியில் விட்டு, அவர் முன்னால் இழுக்க நான் பின்னால் தள்ளிக்கொண்டே போனேன். பினாங்கில் சவாரிதான் முன்னால் உட்காரும், ஓட்டுகிறவன் பின்னால் இருந்து மிதிப்பான் என்று பேச்சுவாக்கில் சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்போ எங்கனா மோதினா மொதோ அடி சவாரிக்குத்தான்னு சொல்லு! நல்ல ஊரு சார் ஒங்கூரு!"

அக்கா வாசலில் நின்றிருந்தாள். முடியெல்லாம் நரைத்திருந்தது. "என்னடா சாமு, இப்படி ஊதிப் போயிட்டே!" என்று சொல்லிக்கொண்டே அழுதாள். உள்ளே போனதும் கைகால் கழுவத் தண்ணீர் கேட்டேன். ஒரு சொம்புதான் வந்தது. அந்த வீட்டில் காலை ஆறிலிருந்து ஏழு வரைதான் கிணற்றில் இறைக்கலாமாம், வீட்டுக்காரம்மாவின் சட்டம். ஏழு அடித்ததும் ராட்டினத்துக் கயிற்றை அவிழ்த்து எடுத்துப்போய்விடுவார்களாம். கல்யாணம் ஆனதிலிருந்து இது ஏழாவது வாடகை வீடு என்றாள் அக்கா. நான் பினாங்கில் குழாயைத் திறந்துவிட்டுப் பாட்டுப் பாடிக்கொண்டு குளிக்கிறவன். வெட்கமாக இருந்தது.

ராத்திரி இடியாப்பமும் ஆட்டுக்கால் பாயாவும். பினாங்கில் எங்கள் தெருச் சீனன் கடை மீ கோரெங் என்ற வறுத்த சேமியாவைத் தின்று தின்று மரத்துப்போன நாக்குக்கு உயிர் வந்தது. சாப்பிட்டுக்கொண்டே அத்தானுக்கு ரன்வே பாடம் நடத்தினேன்.

"அகலம் ஏன் அத்தான் ஊருக்கு ஊர் வித்தியாசப்படுது தெரியுமா? மாட்டு வண்டிச் சக்கரம் எத்தனை அகலமோ அத்தனை அகலத்துக்குத் தெருவைப் போட்டா போதுமா? மாடு மிரண்டா ஒதுங்க இடம் வேண்டாமா? அதேதான். சின்ன விமானத்துக்கு எழுபத்தஞ்சு அடி போதும். பெரிய ஜெட்டுக்கு நூத்தம்பது. பக்கவாட்டுல காத்தடிச்சா விமானம் நண்டு மாதிரி ஒருச்சாஞ்சுதான் இறங்கும், அதுக்கும் இடம் விடணும். பயிற்சிக்காரங்க இறங்குற இடம்னா இன்னும் தாராளமா இருந்தா நல்லது, புதுப் பையன் எங்கே கொண்டு வந்து வைப்பான்னு அவனுக்கே தெரியாது."

"அப்படின்னா எல்லா ஊர்லயும் ஐந்நூறு அடி போட்டுட வேண்டியதுதானே?" என்றார் அத்தான்.

"போடலாம். கல்லுக்கும் தாருக்கும் யார் அழறது? மழைத் தண்ணி வடியறதும் கஷ்டம். தவிர, அகலம் ரொம்பக் கூடினா மேலேருந்து பாக்கிற விமானிக்குத் தரை கிட்டே வந்துட்ட மாதிரி தோணும். அவசரப்பட்டு மூக்கைத் தூக்கிடுவான்."

"ஜம்போவுக்கு?"

"அங்கேதான் சிக்கல். ஒரு இறக்கைக்கு ரெண்டு எஞ்சின். வெளிப்பக்கத்து எஞ்சின் ரன்வே விளிம்புக்கு ஆறேழு அடி உள்ளேதான் தொங்கும். கொஞ்சம் விலகினாலும் புல்லு மேலே போயிடும், கல்லு மண்ணெல்லாம் உள்ளே இழுத்துக்கும். அதனால ரெண்டு பக்கமும் இருபத்தஞ்சு அடி தோள் மாதிரி கட்டுவாங்க. நூத்தம்பது இருநூறு ஆகும்."

அக்கா வாயைப் பிளந்து கேட்டுக்கொண்டிருந்தாள். "பாத்தீங்களா, என் தம்பிக்கு எவ்வளவு தெரியுது!" என்று அத்தானிடம் சொல்லி என் இலையில் இன்னும் ரெண்டு இடியாப்பம் வைத்தாள். எனக்கு உச்சி குளிர்ந்தது.

செவ்வாய்க்கிழமை முழுக்க ஆட்கள் வந்தவண்ணம் இருந்தார்கள். எல்லாரும் அந்த மனைக்காரர்கள்தான். அப்போதுதான் தெரிந்தது, என் கடிதத்தை அத்தான் ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் கோயில் வளவில் எல்லாரையும் கூட்டிவைத்து உரக்கப் படித்திருக்கிறார். வெளிநாட்டிலிருந்து வரும் கடிதத்தை அப்படிப் படிப்பது அவர்கள் வழக்கமாம். ஒரு நர்சம்மா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எழுதலேன்னா கட்டிட்டு நடுத்தெருவுல நின்னிருப்போம் தம்பி" என்றார்கள். நான் ரொம்ப அடக்கமாகச் சிரித்தேன்.

சாயங்காலம் அத்தான் என்னைப் பல்லாவரத்தில் ஒரு மரவாடிக்குக் கூட்டிப்போனார். கடைக்காரர் காதர் பாய், அறுபது வயசு, காதில் பென்சில். வீடு கட்ட முடியாது என்று அத்தான் விற்கத் துணிந்த மனையை வாங்கப்போகிறவர் அவர்தான். அடுத்த திங்கட்கிழமை பத்து மணிக்கு ரிஜிஸ்டர் ஆபீஸில் கையெழுத்து. முன்பணம் எதுவும் இல்லை, வாய்ப்பேச்சுதான். அத்தானுடையது முடிந்ததும் மற்றவர்களிடமும் ஒவ்வொருவராகக் கேட்டுப் பார்ப்பதாக இருந்தார்.

"மறைக்கிறதுக்கு ஒண்ணும் இல்லீங்க" என்றார் பாய், டீயை ஆற்றிக்கொண்டே. "வெலை கம்மிதான். வூடு கட்ட முடியாத எடத்துக்கு நான் அதுக்கு மேல குடுக்க முடியாது. எனக்கு மரம் போட்டு வைக்க எடம் வேணும். சர்க்கார் கேட்டா ரெண்டு வண்டி கட்டி எடுத்துகினு போயிடுவேன்."

நியாயமாகத்தான் பட்டது. வீடு வந்ததும் அத்தான், "விக்கிறேன்னு சொல்லிட்டேன் சாமுவேல். சொன்னா சொன்னதுதான்" என்றார்.

புதன்கிழமை மனையைப் பார்க்கப் புறப்பட்டோம். பம்மல் வரை பஸ். அங்கிருந்து அத்தான் யாரிடமோ சைக்கிள் வாங்கி என்னைக் கேரியரில் உட்காரவைத்தார். என் எடைக்கு அந்தச் சைக்கிள் பழக்கப்பட்டதில்லை. ஒரு குட்டை ஓரமாக வளைந்தபோது சங்கிலி கழன்று, அத்தான் ஒரு பக்கம், நான் சேற்றில். எருமை ஒன்று தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி படுத்துக்கொண்டது. மிச்சத் தூரத்தை நடந்தே கடந்தோம்.

மனையில் அக்கா வீட்டுச் சுவர் முழங்கால் உயரத்தில் நின்றது. நடுவில் எருக்கஞ்செடி முளைத்திருந்தது. அத்தான் சுவருக்குள் இறங்கி, "இது சமையல்கட்டு. இது உங்க அக்கா கேட்ட பூஜை... சே, ஜெப அறை" என்று பதட்டத்தில் உளறினார். "இங்கே கிணறு. எந்நேரமும் இறைக்கலாம்னு சொன்னா." வேலிக்கு அப்பால் தூரத்தில் ரன்வே கருப்பாகத் தெரிந்தது.

அப்போது தலையில் புல்லுக்கட்டோடு ஒரு அம்மா வந்தார். கன்னியம்மா என்று பெயர். விமான நிலையத்து வெட்டவெளியில் புல் வெட்ட அனுமதிச் சீட்டு வாங்கி வெட்டுகிற கூட்டத்தில் ஒருவர். புல் உயர வளர்ந்தால் முயல், பறவை எல்லாம் வந்து அடையும், அதனால் குத்தகைக்கு விட்டு வெட்டச் சொல்லுவார்கள். எங்கள் ஊரில் அதற்கு ஒரு மெஷின். இங்கே பத்துப் பெண்கள் வரிசையாகக் குந்தி, கையில் அரிவாளோடு, காவல்காரன் சிவப்புக் கொடி காட்டினால் ஓடி ஒதுங்கி மறுபடி வந்து வெட்டுவார்களாம். அத்தானுக்காக ரன்வேயிலிருந்து மனை வரை தூரத்தை அளந்து சொன்னது இந்தக் கன்னியம்மாதான்.

"நான்தான் சார் எண்ணிக்கினு வந்தேன்" என்றார் கட்டை இறக்கிவைத்து. "தாரு ஓரத்துலேர்ந்து வேலி வரைக்கும் உள்ளாற எண்ணினேன், வேலிலேர்ந்து இந்தாண்ட வாத்தியாரு மனைக் கல்லு வரைக்கும் வெளியே எண்ணினேன். மொத்தம் இருநூத்தி எழுவது தபா எட்டு வச்சேன். என் எட்டு ரெண்டடி கரெக்டா கீது, வாத்தியாரே கோலு வச்சிப் பாத்தாரு."

ஐந்நூற்று நாற்பது அடி. அத்தான் சட்டைப்பையிலிருந்து காகிதத்தை எடுத்து விளக்கினார். "உன் கடிதத்துல ரன்வேக்கு ரெண்டு பக்கமும் அறுநூறு அடிக்குள்ள வீடு நிக்காதுன்னு எழுதியிருந்தே. அகலப்படுத்தினா ஓரம் இருபத்தஞ்சு அடி இந்தப் பக்கம் வரும். ஆக இப்போ இருக்கிற ஓரத்துலேர்ந்து அறுநூத்தி இருபத்தஞ்சு. நம்ம மனை ஐந்நூத்தி நாப்பதுல ஆரம்பிச்சு அறுநூறுல முடியுது. முழுசா உள்ளே."

கணக்கு சுத்தமாக இருந்தது. நான் தலையாட்டினேன். கன்னியம்மா மட்டும் கட்டைத் தூக்காமல் நின்றார்.

"ஒண்ணு கேக்கட்டா சார்? நடுவுல வெள்ளைக் கோடு போட்டுக்கீறாங்களே. நான் எத்தினி வருசமா பாக்கறேன், வர்ற ஏரோப்ளேன் எல்லாம் அத்த நடுவுல வுட்டுக்கினுதான் வருது. அப்பால ஏன் ஓரத்துலேர்ந்து எண்ணச் சொன்னாரு வாத்தியாரு?"

"லெட்டர்ல அப்படித்தான் கன்னியம்மா" என்றார் அத்தான்.

லெட்டரில் அப்படி இல்லை. லெட்டரில் எங்கிருந்து என்றே இல்லை. எங்கள் வேலைத்தளத்தில் யாரும் 'நடுவிலிருந்து' என்று சொல்வதே கிடையாது. வேலை தொடங்கும் முதல் நாளே நடுக்கோட்டில் முளை அடித்துவிடுவோம். அப்புறம் அறுநூறு என்றால் அந்த முளையிலிருந்து அறுநூறு. கூலிக்காரன் முதல் இஞ்சினியர் வரை எல்லாருக்கும் தெரிந்தது என்பதால் எழுதவேண்டும் என்று தோன்றவே இல்லை. ஆனால் தாம்பரத்தில் உட்கார்ந்து படிக்கிற கணக்கு வாத்தியாருக்கு ரன்வே என்றால் கண்ணுக்குத் தெரிகிற கருப்பு ஓரம்தானே?

நடுவிலிருந்து அறுநூறு என்றால், இப்போதிருக்கும் நூற்றைம்பது அடி அகலத்தில் பாதியான எழுபத்தைந்தைக் கழித்துவிட்டு, ஓரத்திலிருந்து ஐந்நூற்று இருபத்தைந்து. மனை ஐந்நூற்று நாற்பதில் ஆரம்பிக்கிறது. பதினைந்து அடி வெளியே. ரெண்டு பக்கமும் சமமாக எத்தனை அகலப்படுத்தினாலும் நடு நகராது, இந்தக் கணக்கும் மாறாது. அக்கா வீட்டுக்கு ஒரு ஆபத்தும் இல்லை. இருந்ததே இல்லை.

அங்கேயே சொல்லியிருக்கவேண்டும். சொல்லவில்லை. "இந்த ஊர்ச் சட்டம் எப்படியோ, விசாரிச்சுப் பார்க்கிறேன்" என்று மழுப்பினேன்.

வியாழக்கிழமை விமான இலாகா ஆபீஸில் விசாரிக்கப் பட்டணத்துக்குப் போனேன். எலெக்ட்ரிக் ரயிலில் எனக்கு எதிரே ரெண்டு சட்டைக்கார, அதாவது ஆங்கிலோ இந்தியப் பெண்மணிகள் இங்கிலீஷில் பேசிக்கொண்டு வந்தார்கள். பல்லாவரத்தில் வீட்டை விற்றுவிட்டு ஆஸ்திரேலியா போகிறார்கள் என்று புரிந்தது. ஒருத்தி சொன்னாள்: "நேற்று வாங்கினவன் வந்து திரைச்சீலையை மாற்றிக்கொண்டிருந்தான். நான் இன்னும் உள்ளேதான் இருக்கிறேன், மேபல், இன்னும் உள்ளேதான் இருக்கிறேன்." அதைக் கேட்டுக்கொண்டே இறங்கவேண்டிய ஸ்டேஷனைத் தவறவிட்டேன். பீச் வரை போய்த் திரும்பி வந்தேன்.

அந்த ஆபீஸில் ஒரு இளவயசு இஞ்சினியர். நான் யார், என்ன வேலை என்று சொன்னதும் நாற்காலியைத் துடைத்துப் போட்டார். கேட்டேன்.

"நடுக்கோட்டுலேர்ந்துதான் சார். உங்க ஊர்ல எப்படியோ இங்கேயும் அப்படித்தான், எல்லாம் ஒரே புஸ்தகம்தானே. அகலப்படுத்தற மாதிரி ஒரு பேப்பரும் என் மேஜைக்கு வரல. வந்தாலும் தோள்தான் கட்டுவாங்க." ஒரு காகிதத்தில் படம் போட்டுக்காட்டினார். மனையின் தூரத்தை வைத்து, மாடி இல்லாத வீட்டுக்குத் தடையில்லை என்றார். "ஏன் சார், இது உங்களுக்குத் தெரியாததா?" என்று கபடமில்லாமல் கேட்டார். எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

வெள்ளிக்கிழமை மிகவும் கேவலமான நாள். சொல்லிவிடலாம் என்று காலையில் வாயைத் திறந்தேன். அக்கா கோழி அடித்துக் குழம்பு வைத்திருந்தாள். பக்கத்து வீட்டம்மாவிடம், "என் தம்பி எழுதினதாலதான் தப்பிச்சோம். இல்லேன்னா கட்டி முடிச்சு இடிச்சிருப்பாங்க" என்று சொல்வது காதில் விழுந்தது. திறந்த வாயில் கோழிக்காலை வைத்துக்கொண்டேன். சாயங்காலம் நர்சம்மா ஆரஞ்சு வாங்கிவந்து கொடுத்தார்கள். அதையும் தின்றேன்.

சனிக்கிழமை காலை கிணற்றடியில் அக்கா அவசர அவசரமாக இறைத்துக்கொண்டிருந்தாள். கடைசிக் குடம் பாதியில் இருக்கும்போது வீட்டுக்காரம்மா வந்து கயிற்றில் கைவைத்தார். "ஒரு வாளி மட்டும் அம்மா, தம்பி வந்திருக்கான்" என்றாள் அக்கா. நாற்பத்தைந்து வயசுப் பெண்பிள்ளை, வாத்தியார் சம்சாரம், ஒரு வாளித் தண்ணீருக்குக் கெஞ்சுகிறாள். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. அக்காவையும் அத்தானையும் உள்ளே உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். இஞ்சினியர் போட்ட படத்தையும் காட்டினேன். புதன்கிழமையே தெரியும் என்பதையும் சேர்த்துச் சொன்னேன்.

அக்கா என்னையே பார்த்தாள். "பன்னெண்டு வருஷம் ரன்வேல என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?" என்றாள். அப்புறம் குரல் உடைந்தது. "ஆறு மாசமா நான் தூங்கலடா பாவி. அந்தச் செவுத்தைப் பாக்கவே பயந்து அந்தப் பக்கம் போகாம இருந்தேன்டா."

அத்தான் படத்தை ரொம்ப நேரம் பார்த்தார். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டினால் தேவலை என்று இருந்தது. "தூரம் போட்டு, எங்கிருந்துன்னு போடாம ஒரு பையன் விடை எழுதினா நான் பாதி மார்க்குதான் கொடுப்பேன்" என்றார். "ஆனா எங்கிருந்துன்னு உன்னைத் திருப்பிக் கேக்காதது என் தப்பு. முப்பது வருஷம் கணக்கு சொல்லிக்கொடுத்தவன். கன்னியம்மாவுக்குத் தோணினது எனக்குத் தோணல." பிறகு ஒரு வெள்ளைத்தாளை எடுத்து என் முன்னால் வைத்தார். "எழுது. எழுத்துல வந்தது எழுத்துலதான் திரும்பணும். நாளைக்குக் கோயில்ல படிக்கிறேன்."

"நேர்லயே சொல்லிடறேனே அத்தான்?"

"நேர்ல சொன்னா மழுப்புவே."

பேனாவை எடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்ததும் எல்லாரும் வேப்பமரத்து நிழலில் கூடினார்கள். அத்தான் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, வேத வாக்கியம் வாசிக்கிற அதே குரலில் வாசித்தார். 'நான் முன்பு எழுதிய கடிதத்தில் அறுநூறு அடி என்று குறித்தேன். அது ரன்வேயின் ஓரத்திலிருந்து அல்ல, நடுக்கோட்டிலிருந்து. இதை எழுதாமல் விட்டது என் பிழை. உங்கள் மனை எதுவும் பாதிக்கப்படாது. உங்கள் தூக்கத்தைக் கெடுத்ததற்கு மன்னிக்கவேண்டும்.' கையெழுத்தையும் விடாமல் படித்தார். நான் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டு நின்றேன். பிறகு நர்சம்மா, "அப்போ கட்டலாமா?" என்று கேட்டார்கள். "கட்டலாம்" என்றார் அத்தான். ஒருவர் சிரித்தார், ஒருவர் ஸ்தோத்திரம் என்றார். யாரோ என் முதுகில் தட்டினார்கள். அடித்திருந்தால்கூட வாங்கிக்கொண்டிருப்பேன்.

ஆனால் வீட்டுக்கு வந்ததும் அத்தான் சொன்னார்: "மத்தவங்க யாரும் பாய்க்கு வாக்குக் கொடுக்கல. நான் கொடுத்துட்டேன். நாளைக்குப் பத்து மணிக்குப் போய்க் கையெழுத்துப் போடப்போறேன்."

"அவரைப் போய்ப் பார்த்து விஷயத்தைச் சொல்றேன் அத்தான். என் தப்புதானே?"

"நீ போனா நான் அனுப்பினதாத்தான் அர்த்தம். அந்த மனுஷன் எங்கிட்ட எதையும் மறைக்கல. எனக்குச் சாதகமா இருக்கும்போது ஒரு பேச்சு, இல்லாதபோது ஒரு பேச்சா? போகாதே."

அக்கா அடுப்பங்கரைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அன்றைக்கு ராத்திரி சோறு போட்டாள். போட்டுவிட்டுச் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கே ரிஜிஸ்டர் ஆபீஸ் வராந்தாவில் இருந்தோம். பெஞ்சில் அத்தான் பத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அக்கா வரமாட்டாள் என்று நினைத்தேன். பின்னாலேயே வந்து, எங்களை விட்டுத் தள்ளி ஒரு தூணோரம் நின்றாள். பத்திர எழுத்தர் ரெண்டு தடவை கூப்பிட்டுப் பார்த்தார். பத்து அடித்தது. பத்தே காலும் ஆனது. காதர் பாயைக் காணோம். அத்தான் கைக்கடிகாரத்தைப் பார்ப்பதும் தெருவைப் பார்ப்பதுமாக இருந்தார். வராமல் போய்விடவேண்டும் என்று நான் வேண்டிக்கொண்டேன். அது தப்பு என்றும் தெரிந்தது.

பத்தரைக்கு ஒரு ஒற்றை மாட்டு வண்டி வந்து நின்றது. பாய் இறங்கினார். வேட்டியெல்லாம் மரத்தூள்.

"மன்னிக்கணும் வாத்தியாரே, வண்டி கெடைக்கல" என்றார்.

அத்தான் எழுந்து நின்றார். "எழுத்தர் தயாரா இருக்கார் பாய். போகலாமா?"

"எங்க போறது?" என்றார் பாய். "நேத்து ஒங்க கோயில்ல லெட்டர் படிச்சது சாயங்காலம் என் கடைக்கு வந்துடுச்சு. போஸ்டாபீஸ்காரரு ஆணி வாங்க வந்தாரு."

"லெட்டர் வேற, வாக்கு வேற. நான் சொன்னபடி..."

"நீங்க சொன்னது இருக்கட்டும் சார். நான் கேட்டது வூடு கட்ட முடியாத எடம். இது அந்த எடம் இல்லேன்னு ஆயிப்போச்சே. இல்லாத எடத்துக்கு நான் எப்படிக் கையெழுத்துப் போடறது?" பாய் அத்தானின் கையிலிருந்த பத்திரத்தை மெதுவாக அவர் சட்டைப்பக்கம் தள்ளிவைத்தார். "நான் கையெழுத்துப் போட வரல. மனைக்குப் போலாம்னு வண்டி கொண்டாந்திருக்கேன். கதவு, ஜன்னல் அளவு எடுக்கணும். பெருமழைக்கு முன்னாடி நீங்க உள்ள போயிட வேணாமா?"

அத்தான் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார், மறுபடி போட்டார், மறுபடி கழற்றினார். நான் பாயின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

தூணோரத்திலிருந்து அக்கா வந்தாள். எங்கள் ரெண்டு பேரையும் தாண்டி நேராக வண்டியண்டை போனாள். முந்தானையால் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டாள்.

"வாசலுக்கு ரெட்டைக் கதவு வேணும் பாய்" என்றாள்.